டயர் சூட்டில் பழுத்த ஆராய்ச்சி

நேற்று பைபாஸ் ஓரத்தில் யாரோ பழைய டயரைக் கொளுத்தியிருந்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் ஸ்கூட்டரை நிறுத்தி மோந்து பார்த்தேன். என் முனைவர் பட்டம் அந்த நாற்றத்தில்தான் போயிற்று, நண்பரே.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஆராய்ச்சி மாணவன். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் பூமிக்கடியில் கொதித்த பாறைக்குழம்பில் ஆக்சிஜன் எந்த அளவில் இருந்தது என்று கண்டுபிடிப்பது என் வேலை. சிரிக்காதீர்கள். “குழாயில தண்ணி வரல, இவரு கல்லுக்குள்ள காத்தத் தேடுறாரு” என்று, கோயிலில் பூசை முடிந்து வருகிற எல்லோரிடமும் என் அம்மாவே சொல்லி வைத்திருந்தார்.

விஷயம் எளிதுதான். கருங்கல்லுக்குள் மேக்னடைட், இல்மனைட் என்று இரண்டு கறுப்புக் கனிமங்கள் பொடிப்பொடியாய் ஒட்டி உட்கார்ந்திருக்கும். இரண்டிலும் இரும்பு உண்டு, டைட்டானியம் உண்டு. எதில் எவ்வளவு என்று அளந்தால், குழம்பு ஆறியபோது இருந்த ஆக்சிஜன் நிலவரம் கணக்கில் வந்துவிடும். ஒரே நிபந்தனை, அதன் பிறகு அந்தக் கல் சூடுபட்டிருக்கக் கூடாது; பட்டால் வெளிக்காற்றின் ஆக்சிஜனும் ஏறிக் கணக்கைக் கெடுத்துவிடும். கல்லைப் போய் யார் சுடப்போகிறார்கள் என்று நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

சாணார்பட்டிப் பக்கம் ஒரு சின்னப் பாறைக்குன்று. எங்கள் ஊரில் கரடு என்போம். அங்கே கல் உடைத்துக்கொண்டிருந்த செல்லம்மாக்காவிடம், புதுசாய்ப் பெயர்த்த கல் வேண்டும் என்றேன். அவர் என் கைச்சுத்தியலைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அவரே பெயர்த்து, கொத்தி, துடைத்து, சாக்கில் கட்டி வைத்திருந்தார். ஆராய்ச்சிக் கல்லைத் தானே எடுக்காமல் டீக்கடைக்குப் போனவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆறு மாதம் காத்திருந்து வெளியூர் ஆய்வகம் ஒன்றில் அளந்தேன். வந்த எண்களில் ஆக்சிஜன் பொங்கி வழிந்தது. இந்த வட்டாரத்தில் யாரும் இப்படியொரு குழம்பைப் பார்த்ததில்லை. என் பேராசிரியர் உடனே கட்டுரை எழுதச் சொல்லிவிட்டார். நான் எரியோடு ஊரில் இருக்கும் மாமா வீடு வரைக்கும் போய்ப் பீற்றிக்கொண்டு வந்தேன்.

கட்டுரைக்குப் படம் பிடிக்கப் போனால், கரட்டின் மேல் நாலு டயர் திகுதிகுவென்று எரிகிறது.

“என்னக்கா இது?”

“சுட்டாத்தேன் கல்லு பலகை பலகையா எந்திரிக்கும் தம்பி.”

“எனக்குக் குடுத்தது?”

“அதுவும் சுட்டதுதேன். ஒங்க சுத்தியலுக்குப் பச்சக்கல்லு மசியுமா? பாவமேன்னு எளகுனதாப் பாத்து எடுத்தேன். கரியெல்லாம் சுத்தமாக் கொத்திட்டுத்தேன் குடுத்தேன்!”

நான் அளந்தது பாறைக்குழம்பை அல்ல, பஸ் டயரை.

மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பதினைந்து நாள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கட்டுரையில் என் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் ரப்பர் நாற்றம் அடித்தது. கடைசியில் போய்ச் சொன்னேன். பேராசிரியர் “அப்ப மொத பேரா டயர் பேரப் போட்டுருவோமா?” என்று கேட்டுவிட்டுக் கட்டுரையைக் கிழித்தார். பிறகு, சுடாத கல்லாக எடுத்து வரச் சொன்னார். அதற்குள் உதவித்தொகை முடிந்தது. பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. மெதுவாக எடுத்துக்கொள்ளலாம், கல் எங்கே ஓடிவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

கல் ஓடித்தான் போயிற்று. நால்வழிச் சாலை வந்த பிறகு ஒருநாள் போய்ப் பார்த்தேன். கரடு இருந்த இடத்தில் பனைமர ஆழத்துக்குக் குழி, அடியில் பச்சைத் தண்ணீர், சுற்றுச் சுவரில் வேறு வகைப் பாறை. செல்லம்மாக்கா மகனோடு திருப்பூர் போய்விட்டாராம். அந்தக் குழம்பில் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. அது எனக்கு இன்னும் வலிக்கிறது. கரடு முழுக்க ஜல்லியாகிச் சாலைக்கடியில் கிடக்கிறது. தினமும் அதன் மேல்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறேன்.