அழித்துவிட்டேன் என்று அட்டை சொல்லும் வரை

ஊரில் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சையோடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் பேசவும் வராது. அப்படிப்பட்டவன் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் விட்டதைத்தான் எழுதுகிறேன்.

லண்டனில் பல வருடம் பார்சல் வேன் ஓட்டினேன். இடுப்பு வலி வந்த பிறகு வெம்பிளிப் பக்கம் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சோதனை அறை வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர்களில் நெட்வொர்க் அட்டைகளைச் செருக வேண்டும், சோதனையை ஓடவிட வேண்டும், வந்த பிழைகளைக் குறித்து வைக்க வேண்டும். ஒப்பந்த வேலைதான். மதிய இடைவேளைகளில் மற்றவர்கள் எழுதிய நிரல்களை வாசித்து வாசித்து, ஐந்தாறு வருடத்தில் எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது. அந்த வருடம் அங்கே ஒரு நிரந்தர இடம் வந்தது. கிடைக்காவிட்டால் திரும்ப வேன்தான். என் இடுப்பு அதற்குத் தாங்காது.

எங்கள் மென்பொருள் ஒரு கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல நடத்திக் காட்டும். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் நினைவகம் முழுவதும் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொள்ளும். உண்மையில் அது வேறெங்கோ துண்டு துண்டாகக் கிடக்கும். எந்தத் துண்டு எங்கே என்ற பட்டியல் நெட்வொர்க் அட்டையிடமும் இருக்கும். அட்டை யாரையும் கேட்காமல் நேரே நினைவகத்தில் எழுதும் என்பதால், இடம் மாறினால் அந்தக் கணமே பட்டியலும் மாற வேண்டும். பார்சல் வேலையில் இதைக் கண்டிருக்கிறேன். வீடு மாறியவர் சொல்லாமல் போனால், அவருடைய பொருளைப் புதிதாகக் குடிவந்தவர் பிரித்துப் பார்ப்பார்.

ஒருநாள் சோதனையில், உள்ளே இருந்த ஒரு கம்ப்யூட்டர் விட்டுக்கொடுத்த இடத்தில் அட்டை இன்னும் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டேன். மூன்று வாரம் இருந்து திருத்தம் எழுதினேன். பழைய இடத்தைப் பட்டியலிலிருந்து அழிக்கச் சொல்ல வேண்டும், அழித்துவிட்டேன் என்று அட்டை சொல்லும் வரை காத்திருக்க வேண்டும், அதன் பிறகே அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். காத்திருப்பதற்கென்று ஒரேயொரு வரி.

திருத்தத்தை அனுப்பும்போது விளக்கம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எனக்குக் கூச்சம். பக்கத்து மேசையில் சென்னையிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் இருந்தார், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். தனியாக இருக்கிறார் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அவருக்கு மெயிலில் அனுப்பினேன்.

"தம்பி, இதை நீங்களே அனுப்பிவிடுங்கோ. என்ர இங்கிலீஷ் தெரியும்தானே."

"அண்ணா, செமயா புடிச்சிருக்கீங்க! நான் பாத்துக்கறேன். உங்க பேரும் இருக்கும்."

எங்கள் தொழிலில் ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் எழுதியவர் பெயரும் சோதித்தவர் பெயரும் போடுவது வழக்கம். எழுதியவர் என்று அவர் பெயர் இருந்தது. சோதித்தவர் என்று என் பெயர். கூட்டத்தில் மேலாளர் அவரைப் பாராட்டினார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் தலையாட்டினேன்.

வீட்டில் சொன்னபோது மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையே? நான்தான் எழுதினனான் எண்டு சொல்ல ஏலாதே?"

"அந்தப் பிள்ளை தானாச் சொல்லும்."

"ஓம், சொல்லும். புட்டு இன்னும் ரெண்டு நீத்துப்பெட்டி கூட அவிச்சுக் குடுப்பம், கெதியாச் சொல்லும்."

இரண்டு மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளரிடமிருந்து முறைப்பாடு வந்தது. ஒரு கம்ப்யூட்டரின் தகவல் இன்னொன்றின் நினைவகத்தில் விழுந்திருந்தது. மேலாளர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"அந்தத் திருத்தத்தை எழுதியது இவர். அனுப்புவதற்கு மட்டும்தான் நான் உதவினேன்" என்று தம்பி ஆங்கிலத்தில் சொன்னார். நான் எழுதியது என்று அந்த அலுவலகத்தில் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

மேலாளர் நிரலைத் திரையில் காட்டினார். காத்திருக்கும் வரி அதில் இல்லை. "வெயிட் இருந்தது" என்று மட்டும் சொன்னேன். "எங்கே?" என்று கேட்டார். திரையைத் திரும்பவும் மேலிருந்து கீழ்வரை பார்த்தேன்.

வெளியே வந்து தம்பியை நிறுத்தினேன். "தம்பி, அந்த வரி எங்க?"

"ரொம்ப ஸ்லோவா இருந்துச்சுண்ணா. எடுத்துட்டேன்."

"நான் சோதிச்சது அந்த வரியோடயல்லோ. பிறகேன் என்ர பேரைப் போட்டனீங்கள்?"

"இந்த வேலை போச்சுன்னா எனக்கு விசா போயிடும்ணா. உங்களுக்கு இங்க பாஸ்போர்ட்டே இருக்கு. நீங்க எப்படியும் வேற வேலை பாத்துக்குவீங்க."

அவர் அழுதிருந்தால்கூட மன்னித்திருப்பேன். பஸ் நம்பர் சொல்வதுபோலச் சொன்னார். எங்கள் இருவரில் யார் விழுந்தால் பரவாயில்லை என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது. எங்கள் வீட்டு மேசையில் இருந்து சாப்பிட்ட நாட்களிலேயே முடிவு செய்திருப்பாரோ என்ற கேள்வி இன்றைக்கும் என்னை விடவில்லை.

அன்று மாலை, நான் முதலில் எழுதிய நிரல் இருந்த பழைய மெயிலை மேலாளருக்கு அனுப்பினேன். கூடவே மூன்று வரி ஆங்கிலம். அதை எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது.

மறுநாள் காலை மேலாளர் என்னைக் கூப்பிட்டு, மெயிலைப் படித்ததாகச் சொன்னார். சோதித்தவர் என்று உங்கள் பெயர் இருக்கிறது, அப்படியென்றால் வரி இல்லாததை நீங்கள்தான் கண்டிருக்க வேண்டும் என்றார். நிரந்தர இடம் எனக்கு இல்லை. ஒப்பந்தம் மாத முடிவு வரை இருந்தது. திரும்பிப் போய் அன்றைய அட்டைகளைச் செருகினேன்.