மகள் தன்னை அறைந்துகொண்ட காலை

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூர், விஜயவாடா, புனே என்று கிடைத்த வேலையைச் செய்து திரிந்துவிட்டு, இப்போது பெங்களூரு தொம்மலூரில் ஆட்டோ ஓட்டுகிறேன். மனைவி விடியும் முன்பே ஆபீஸ்களில் துப்புரவு வேலைக்குப் போய்விடுவாள். ஆறு வயது மகளைப் பள்ளிக்குக் கிளப்புவது என் பொறுப்பு.

அந்த அவசரத்தில் அவளிடம் கத்துவேன். சில நாள் அடித்தும்விடுவேன். அவள் அழுதால் மனம் தாங்காது. சாமி முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வதுபோல என்னை நானே பளார் பளார் என்று அறைந்துகொள்வேன். தனக்கு மட்டும் லீவான ஒரு நாளில் அதைப் பார்த்த மனைவி, "அடிக்கிறதும் நீ, அழறதும் நீயா? நல்ல நாடகம்யா" என்றாள். நானோ, இப்படி வருந்துகிறவன் நல்ல அப்பன்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை கன்னட வீட்டுப்பாடத்தில் மகள் ஓர் எழுத்தைத் தப்பாக எழுதிவிட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவளே பென்சிலை வைத்துவிட்டுத் தன் கன்னத்தில் ஓங்கி அறைந்துகொண்டாள். பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"ஏம்மா அடிச்சுக்கிற?"

"தப்பு பண்ணிட்டேன்ல? நீயும் இப்படித்தானேப்பா பண்ணுவ? விடு, இன்னொரு கன்னம் பாக்கி இருக்கு."

சிவந்த கன்னத்தோடு அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டேன். வாசலில் நின்ற மிஸ்ஸின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் தோசையைக் கருக்கிவிட்டேன். அவள் தோசையைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள்.

"கருகிப்போச்சு. பரவாயில்ல, வேற ஊத்தலாம்" என்றேன்.

என்னைப் பார்த்து நானே பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டது அதுதான் முதல் முறை. வாய் கூசியது.