மாரியப்பன் மாமாவுக்கு வைத்த மீன் தலை

மாரியப்பன் மாமா மீன் தலை சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. கல்கத்தாவின் கார்டன் ரீச்சில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் குழம்பு. சம்பாதிக்கிற தம்பியாயிற்றே என்று அம்மா தலையை அவர் தட்டில்தான் போடுவாள். அவர் தட்டைச் சாய்த்து, அதை என் சோற்றில் இறக்கிவிடுவார்.

"நீ தின்னு சுலோ. மூளைக்கு நல்லது."

எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான்தான். அத்தனையும் தம்பி விட்டுக்கொடுத்த தலைகள் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பரீட்சை எழுதியது நானா, மீன்களா என்று எனக்கே சில நாள் சந்தேகம் வரும்.

மாமா கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். எழுபத்து நாலில் யூனியன்காரர்களோடு திகா கடற்கரைக்குப் பிக்னிக் போனார். அங்கே சாப்பிட்ட கடையில் இறைச்சி வாட்டுகிற இரும்புத் தட்டில் விரிசல். அதைக் கல்கத்தாவுக்குத் தூக்கி வந்து பற்றவைத்து, அடுத்த ஞாயிறு கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்குப் பிறகு மாதம் தவறாமல் திகா போக ஆரம்பித்தார்.

"பத்தவச்சது நிக்குதான்னு பாக்கணும்ல அக்கா?"

"கப்பலுக்கு அடியில பத்தவச்சியே, அதை என்னிக்காவது போய்ப் பாத்தியாடா?" என்றாள் அம்மா.

மாமா காது வரை சிவந்தார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கடைக்காரரின் மகள், ரேபா. ஊர்ப்பக்கம் இரண்டு பெண் வீட்டார் மாமாவை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். இதுவும் தவறினால் இனிக் கல்யாணப் பேச்சே எடுக்காதே என்றார் மாமா. ரேபாவின் அம்மா ஷெஃபாலி இன்னும் சரி என்று சொல்லவில்லையாம். "நம்மள மதிக்கிறாங்களான்னு நானே நேர்ல பாக்குறேன்" என்று அம்மா கிளம்பினாள். வங்காளம் பேச நான். படித்த பெண் பேசினால் எடுபடும் என்றார்கள். நான் படித்தது பொருளாதாரம். பெண் கேட்பது எப்படி என்று அதில் எங்கும் இல்லை.

சவுக்குத் தோப்பு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் தகரக் கூரை போட்ட கடை. அலை பெரிதாக வந்தால் நுரை நாற்காலிக் காலைத் தொட்டுவிட்டுப் போகும். ரேபாவின் அப்பா சுதீர் பிஸ்வாஸ், கிடர்பூர் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறி வருஷக்கணக்கில் சமையல்காரராக இருந்தவர். அதனால் பலகையில் நண்டு, இறால், மீனோடு ஸ்டேக்கும் எழுதியிருந்தது.

"அது என்னடி ஸ்டேக்கு?"

"மாட்டுக்கறிம்மா."

அம்மா நாற்காலியைத் தூக்கிக் காற்று அடிக்கிற பக்கம் போட்டுக்கொண்டாள். காற்று திரும்பியது. நாற்காலியும் திரும்பியது. இன்னொரு தடவை திரும்பியபோது, "வெங்காயம் நல்லாத்தான் வதக்குறாங்க" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து மேஜையில் யாரோ இன்ஜினியர்கள் ஸ்டேக்கை அறுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முதலில் இறால் வந்தது, நண்டு வந்தது. அம்மா ஓட்டை உடைத்து உறிஞ்சிய சத்தத்துக்கு இன்ஜினியர்கள் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஷெஃபாலி மாஷி (வங்காளத்தில் மாஷி என்றால் சித்தி) தானே ஒரு பெரிய தட்டை ஏந்தி வந்தார். முழுக் கொடுவா மீன். எங்கள் எல்லோரையும் தாண்டிப் போய், அதன் தலையை மாமாவின் தட்டில் வைத்தார். அடுப்படியில் சுதீர் பாபு இடுக்கியும் கையுமாக நின்றார். அவர் பின்னாலிருந்து ரேபா எட்டிப் பார்த்தாள்.

மாமா தட்டைச் சாய்த்தார். தலை என் சோற்றில் விழுந்தது.

"நீ தின்னு சுலோ."

பழக்க தோஷம், நானும் ஒரு கன்னத்தைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டேன். மாஷி திரும்பி உள்ளே போனார். ரேபாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வங்காளி வீட்டில் பெரிய மீனின் தலை ஜாமாய்க்கு, அதாவது மாப்பிள்ளைக்கு. மாஷி சரி என்று சொன்னது அப்படித்தான். மாமா அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

மாமாவிடம் சொன்னேன். அவர் கை நண்டோடு அப்படியே நின்றது.

"ஐயோ! நான் அதுக்காகவா தள்ளினேன்? அது என்னையே பாக்குது சுலோ!"

"எது?"

"கண்ணு. சின்ன வயசுலேருந்தே ஆகாது."

"அடப்பாவி!" என்றாள் அம்மா. "தியாகம் தியாகம்னு தெருவெல்லாம் சொன்னேனேடா!"

"கண்ணு விஷயத்தை மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாத, கண்ணம்மா!" என்று மாமா என்னிடம் கெஞ்சினார்.

எங்கள் ஊர் வழக்கம் அப்படி, சின்னவர்களுக்குத்தான் தலை என்று கௌரவமாக ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ரேபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குத் தெரிய வேண்டாமா? எழுந்து, கடைக்கே கேட்கும்படி வங்காளத்தில் சொன்னேன்: "மாமாவுக்கு உங்கள் பெண் வேண்டும். மீனின் கண்ணுக்குத்தான் பயம்."

ஒரு அலை வந்து போனது. ரேபாவிடமிருந்து ஒரு கீச்சொலி. அடுத்த நிமிஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். இன்ஜினியர்கள் மேஜையைத் தட்டினார்கள். சுதீர் பாபு இடுக்கியைக் கீழே போட்டார். சத்தம் கேட்டு வந்த மாஷி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"நெருப்பை முகத்துக்கு நேராகப் பிடிக்கிற ஆள் மீனுக்கா பயப்படுகிறான்?"

மாமா என் தட்டுக்குக் கை நீட்டினார். மாஷி அந்தக் கையில் ஒரு அடி வைத்தார்.

"எச்சில் தலையா ஜாமாய்க்கு? இது பாக்கி. ஜாமாய் ஷஷ்டி விருந்துக்கு வந்து, என் எதிரே உட்கார்ந்து, கண்ணோடு சாப்பிட வேண்டும்."

ஜாமாய் ஷஷ்டி, வருஷா வருஷம் மாமியார் மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கிற நாள். ஜாமாய் என்று சொல்லிவிட்டார்! அம்மா எழுந்து நேராக அடுப்பருகே போய் இரும்புத் தட்டைக் குனிந்து பார்த்தாள். "நல்லாத்தான் நிக்குது. இனி இதைப் பாக்க நீ வரவேணாம்டா. அவளைக் கூட்டிட்டு வந்துரு."

கல்யாணம் ரிஜிஸ்தரார் ஆபீஸில் நடந்தது. பிஸ்வாஸ் வீட்டார் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான். ஆனாலும் ஜாமாய் ஷஷ்டி விருந்தை விடுவதில்லை. மாமாவுக்கு ஒரு வருஷம் பல்வலி. ஒரு வருஷம் ஓவர்டைம். இன்னொரு வருஷம் வெல்டிங் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு துணிச்சலாக இலையில் உட்கார்ந்தார். மாஷி கண்ணாடியைப் பிடுங்கியதும் எழுந்து கடலுக்குள் ஓடிவிட்டார்.

போன வருஷம் விசாகப்பட்டினத்தில் வேலை கிடைத்து, மாமா ரேபா மாமியோடு அங்கே போய்விட்டார். இந்த ஷஷ்டிக்கு நான் மட்டும் திகா போனேன். மாஷி ஒரு கொடுவாத் தலையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"சாப்பிடு. இது வட்டிதான். அசல் அவன் தலையில் அப்படியே நிற்கிறது."