விரலில் தட்டுப்பட்ட குழி

சலூனில் ஒரு பெண் கத்தியைத் தீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் புதிதாக வருகிறவர்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டேதான் நாற்காலியில் உட்காருவார்கள். அப்புறம் எங்கே சிரிக்க? கன்னத்தில் கத்தி இருக்குமே! இந்தத் தொழிலுக்கு வரவேண்டுமென்று அவள் ஒன்றும் தவம் கிடக்கவில்லை. கடை அவள் கணவருடையது. கிருதாவை அப்படி அளவெடுத்த மாதிரி இறக்குவார் என்பதால் ஊரே அவரைக் கிருதாக்காரர் என்றுதான் கூப்பிடும். அந்த மனிதரின் வலது கை ஒருநாள் சும்மா இருக்கும்போதே தாளம் போட ஆரம்பித்தது. பார்க்கின்சன் நோய் என்றார்கள். மூளையில் ஏதோ செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றனவாம்.

நடுங்குகிற கையில் கத்தியைப் பார்த்தால் எவன் கழுத்தைக் காட்டுவான்? அவர் முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் தொழிலைக் கற்றுக்கொண்டாள். விடிந்ததும் அவரைக் குளிப்பாட்டி, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, மாத்திரை கொடுத்து, கடையைத் திறந்து, நாள் முழுக்க நின்று, வீட்டுக்குப் போய்ச் சமைத்து, ராத்திரி அவருக்குப் புரண்டு படுக்க வராதென்பதால் எழுந்து எழுந்து புரட்டி விடவேண்டும். தூக்கம் என்பது அடுத்தவர் சொல்லிக் கேட்கிற சமாச்சாரமாகிப் போனது. "உன்ன மாதிரி ஒருத்தி கெடைக்க அவர் குடுத்து வச்சிருக்கணும்" என்பார்கள். அவளுக்கு எரிச்சல்தான் வரும். புகழ்ச்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு மத்தியானம் காலை நீட்டிப் படுக்க விட்டால் போதாதா?

அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியில் அந்தச் சோதனைச் சிகிச்சைக்கு ஆள் எடுத்தார்கள். டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். ஸ்டெம் செல்லை ஆய்வகத்தில் வளர்த்து, செத்துப்போன செல்லின் வேலைக்குப் பழக்கி, மண்டையோட்டில் துளை போட்டு மூளைக்குள் வைப்பார்கள். ஆனால் பாதிப் பேருக்குத்தான் செல். மீதிப் பேருக்குச் சிகிச்சை மாதிரியே எல்லாம் நடக்கும், உள்ளே ஒன்றும் போகாது. யாருக்கு எது என்று கடைசிவரை சொல்லமாட்டார்கள். "குணமாயிடும்னு நம்பினாலே சில பேருக்குக் கை கொஞ்ச நாள் நின்னுடும்மா. அதைத் தனியாப் பிரிச்சுப் பாக்கத்தான் இந்த ஏற்பாடு" என்றார். இவளுக்கோ தூக்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. மீதிப் பேருக்கு மேல்தோலைக் கீறித் தையல் போட்டு அனுப்புவார்கள் போல என்று தானாகவே புரிந்துகொண்டாள்.

சிகிச்சை முடிந்து முடி வளர்ந்தபோது அவள்தான் அவருக்கு வெட்டிவிட்டாள். தன் தலையில் வேறு எவனும் கை வைக்கக்கூடாது என்பது அவர் வீராப்பு. கத்தரி எடுக்குமுன் மச்சமோ மருவோ இருக்கிறதா என்று விரலால் தலையைத் துழாவிப் பார்ப்பது சலூன் பழக்கம். அப்படித் துழாவியபோது உச்சிக்கு இரண்டு பக்கமும் எலும்பில் பள்ளம் தட்டுப்பட்டது.

"என்னங்க! குழி இருக்குங்க! செல்லு உள்ள போயிருக்கு!"

"நெஜமாவா? நல்லாப் பாத்தியா?"

"பின்ன? சும்மா தோலைக் கீறினா எலும்புல எப்படிக் குழி விழும்?"

நீங்களாக எதையும் ஊகிக்காதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். யார் கேட்டார்கள்!

அன்றிலிருந்து மனிதர் தேற ஆரம்பித்தார். பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். தம்ளரைச் சிந்தாமல் பிடித்தார். ஒருநாள் அவளுடைய தம்பி வந்து நாற்காலியில் சாய்ந்து, "மாமா, இன்னைக்கு நீங்க பண்ணுங்க. அக்கா பண்ணினா ரெண்டு நாளைக்குக் கன்னம் எரியுது" என்றான். அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கீறல் விழவில்லை. துண்டை உதறிக்கொண்டே அவர் சொன்னார்: "இனிமே மத்தியானத்துல நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு. கடைய நான் பாத்துக்கறேன்."

கல்யாணமான புதிதில்கூட அவர் வாயிலிருந்து இவ்வளவு இனிப்பான பேச்சு வந்ததில்லை. அவள் தூங்கினாள். அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள்.

சோதனை முடிந்து இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். "இப்ப சொல்லலாம். உங்களுக்கு செல் வச்சோமா இல்லையான்னு தெரிஞ்சுக்கணுமா? வேண்டாம்னாலும் சரிதான்" என்றார் டாக்டரம்மா.

அவர் சிரித்தார். "அது எங்களுக்கு எப்பவோ தெரியும் டாக்டர். குழி இவ விரல்ல மாட்டிக்கிச்சு."

"குழி எல்லாருக்குமே இருக்கும் ஐயா. செல் வைக்காதவங்களுக்கும் எலும்பைப் பாதி ஆழம் குடைவோம். இல்லைன்னா கண்டுபிடிச்சிடுவாங்களே."

அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். அடிப்பாவி, டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாயைத் திறந்திருக்கக்கூடாதா? இப்போது இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தக் கை என்ன ஆகும்? கூடவே தன் மத்தியானத் தூக்கமும் போய்விடுமே என்று நினைப்பு ஓடியது. சீ, இந்த நேரத்திலா இது என்று வெட்கமாக இருந்தது. இருந்தாலும் நினைப்பு போகவில்லை. வேண்டாம் சொல்லாதீங்க என்று கத்தவேண்டும் போலிருந்தது.

அவர் அவள் முகத்தையே பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்த ஆளின் முகத்தை வேலை தொடங்குமுன் நிதானமாகப் பார்ப்பாரே, அப்படி.

"வேண்டாம் டாக்டர்" என்றார்.

"நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"ஆமா. இவ இப்பதான் தூங்க ஆரம்பிச்சிருக்கா."

டாக்டரம்மா தலையாட்டிவிட்டு ஃபைலை மூடினார். கிருதாக்காரர் எழுந்தார். எழும்போது வலது கை மேசை விளிம்பில் படபடவென்று தட்டியது. சட்டென்று அதைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"வா, நேரமாச்சு. நான் கடைக்குப் போறேன். நீ நேரா வீட்டுக்குப் போய்ப் படு."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, அவருடைய இடது பக்கமாகப் போய் நடந்தாள்.