பெரிய சாருக்கு ஒரு கோ

வேப்பம்பழம் வெறுங்காலில் மிதிபட்டு நசுங்கும்போது முதலில் ஒரு வழவழப்பு, அப்புறம் கொட்டையின் குத்தல், அதற்கும் அப்புறம் விரலிடுக்கில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் கூடவே வருகிற ஒரு வாடை. சங்கரன்கோவிலில் நான் படித்த தொடக்கப் பள்ளியின் "டிரில் பீரியடு" என்றால் எனக்கு இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்த வாடைதான். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கே மலைப்பக்கமிருந்து வருகிற காற்று பழங்களை உதிர்த்துப் போட, எல்லா வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து அதன்மேல் ஓடி மிதித்துச் சகதியாக்கி, அந்தக் காலோடு பையை எடுக்க வகுப்புக்குள் போவோம். தரையெல்லாம் ஒட்டும். கூட்டுகிற ஆயா எங்களை ஏசாத நாள் கிடையாது.

தொடக்கப் பள்ளிக்கென்று விளையாட்டு வாத்தியார் எப்போதும் இருந்ததில்லை. எங்களுக்கு அந்த வேலையையும் பார்த்தவர் ஐந்தாம் வகுப்பு ஜெபா டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு எடுத்துக்கொடுக்கிற அதே கணீர்க் குரலில் திங்கட்கிழமை எங்களைக் கையைத் தூக்கவும் காலை விரிக்கவும் சொல்வார். கடைசி மணிக்கு முந்தைய பீரியடு வந்ததும் சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கி இடுப்பில் செருகிக்கொள்வார். அதைப் பார்த்தாலே எங்களுக்குக் கால் நிற்காது. கொஞ்ச நேரம் கையும் காலும் ஆட்டிவிட்டு எல்லாரும் கோ-கோ ஆடுவோம். அந்த ஆட்டத்துக்குப் பந்து வாங்க வேண்டாம், பந்து போய் விழுந்த வீட்டில் ஏச்சும் வாங்க வேண்டாம். டீச்சர் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவ்வளவுதான் என்று பிற்பாடு அவரே சொன்னார்.

கோ-கோ தெரியாதவர்கள் இருக்கலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். விரட்டுகிற கட்சியில் ஒன்பது பேர். எட்டுப் பேர் வரிசையாக, ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்க, ஒன்பதாவது ஆள் எதிர்க்கட்சிக்காரியை விரட்டுவாள். உட்கார்ந்திருப்பவளின் முதுகில் தட்டி "கோ" என்று சொன்னால் அவள் எழுந்து தான் பார்க்கிற பக்கம் விரட்ட, இவள் அந்த இடத்தில் உட்கார வேண்டும். விரட்டுகிறவள் ஓட ஆரம்பித்த திசையிலிருந்து திரும்ப வேண்டுமானால், வரிசையின் இரண்டு கோடியிலும் நிற்கிற கம்பங்களில் ஒன்றைத் தாண்டித்தான் திரும்ப முடியும். மற்ற ஊர்ப் பிள்ளைகள் விரட்டும்போதும் சரி, தப்பி ஓடும்போதும் சரி, அந்தக் கம்பத்தை ஒரு கையால் பிடித்து, சடாரென்று ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவார்கள்.

எங்கள் பள்ளியில் கம்பம் என்று எதுவும் கிடையாது. ஒரு கோடியில் வேப்பமரம். அதன் தூரைக் கட்டிப்பிடிக்க இரண்டு பிள்ளைகள் வேண்டும், போதாததற்குக் கட்டெறும்பு வேறு. மறு கோடியில் கொடிக்கம்பம். அதைச் சுற்றி ஓடிக்கொள்ளலாமா என்று ஜெபா டீச்சர் கேட்டபோது, நாங்கள் "பெரிய சார்" என்று கூப்பிடுகிற தலைமையாசிரியர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, காலை அசெம்பிளியில் எல்லார் முன்னாலும் ஒரு சட்டம் போட்டார்.

"சுத்தி ஓடுங்க, வேண்டாங்கல. ஆனா ஒருத்தர் கையும் கம்பத்துல படக்கூடாது. அது கொடி ஏறுத இடம்."

பெரிய சார் சொன்னால் சொன்னதுதான். ஒல்லியாக, நெடுநெடுவென்று, நீலம் போட்ட வெள்ளை வேட்டியில் அவர் வராந்தாவில் நடந்தால் காக்கைகூடக் கத்தாது என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. ஆகவே நாங்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே கையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு, உடம்பைச் சாய்த்து, குதிகாலை மண்ணில் ஊன்றிக் கம்பத்தைச் சுற்றப் பழகினோம். வேறு மாதிரியும் திரும்பலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

இப்படி இருக்கையில் ஒரு வருஷம், நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, டிரில் பீரியடுக்கே ஆபத்து வந்தது. எங்கள் பள்ளியிலிருந்து போய் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சரியாகத் தெரியவில்லை என்று யாரோ பெரிய சாரிடம் சொல்லிவிட்டார்கள். கணக்கு அவருக்கு உயிர். அந்தப் பேச்சு அவரை எவ்வளவு குத்தியிருக்கும் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. அப்போது புரிந்ததெல்லாம், இனிமேல் கடைசி பீரியடில் விளையாட்டுக்குப் பதில் வாய்ப்பாடு என்பதுதான். ஜெபா டீச்சர் அவர் அறைக்குள் போய் வாதாடியதை நானும் பேச்சியும் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டோம். பேச்சி என் கூட்டாளி. அவள் அம்மாவும் அப்பாவும் வயல்வேலைக்குப் போகிறவர்கள். வகுப்பில் வாயே திறக்காதவள், விசில் சத்தம் கேட்டால் வேறு ஆளாகிவிடுவாள். ஓடுகிற பிள்ளைதான் உட்கார்ந்து படிக்கும் என்று டீச்சர் சொல்ல, ஓடி என்னத்தைக் கண்டார்கள் என்று பெரிய சார் கேட்டார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"வட்டாரப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போங்க டீச்சர். ஒரு ஆட்டமாவது ஜெயிச்சுட்டு வரட்டும், நான் வாயத் தொறக்கல. தோத்துட்டா மறுநாள்லேருந்து வாய்ப்பாடு."

பையன்கள் சடுகுடுவுக்குப் போய், போன வேகத்திலேயே தோற்றுத் திரும்பி வந்திருந்தார்கள். ஆகவே மொத்தப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டும் ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் ஒன்பது பேர் தலையில் வந்து விடிந்தது. அதுவரை எங்களைக் கேலி செய்துகொண்டிருந்த பையன்கள் கொடுக்காப்புளியும் நெல்லிக்காயும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "தோத்துராதிய மக்கா" என்று கெஞ்சினார்கள். அந்த ஒரு வாரம் நாங்கள் நடந்த நடையே தனி. பயமும் இருந்தது, ஆனால் அதைக் காட்டிக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

போட்டி சிவகிரியில், ஒரு மேல்நிலைப் பள்ளி மைதானத்தில். பஸ்ஸில் சன்னலோரம் யார் உட்காருவது என்ற சண்டையிலேயே ராயகிரிக்குப் பிரிகிற விலக்கு தாண்டியதைக்கூடக் கவனிக்கவில்லை. மலை அங்கே பக்கத்திலேயே நின்றது. மைதானம் எங்கள் பள்ளியைப் போல மூன்று மடங்கு இருக்கும். எதிர்க்கட்சிப் பிள்ளைகள் எல்லாரும் கேன்வாஸ் ஷூ போட்டு, தலைமுடியை ஒரே மாதிரி இரட்டைச் சடை மடித்துக் கட்டியிருந்தார்கள். இரண்டு கோடியிலும் சீவி வழவழப்பாக்கிய மரக்கம்பங்கள் ஊன்றியிருந்தன. நாங்கள் வாழ்க்கையில் முதல்முறையாக நிஜமான கோ-கோ கம்பத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதல் பாதியில் எங்கள் மானம் போயிற்று. அவர்கள் கம்பத்தைப் பிடித்துச் சுழன்று, நீட்டிய கையால் எங்களைத் தட்டித் தட்டி வெளியே அனுப்பினார்கள். நாங்கள் விரட்டும்போது கம்பத்தை விட்டுத் தள்ளி வளைந்து திரும்பினோம்; அதற்குள் அவர்கள் பாதி வரிசை தாண்டியிருப்பார்கள். சுற்றி நின்றவர்கள் சிரிப்பது கேட்டது. இடைவேளையில் ஜெபா டீச்சர், கம்பத்தைப் பிடியுங்கள், பிடித்துத் திரும்புங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். கடைசியில் பேச்சிதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"கம்பத்தத் தொட்டா பெரிய சார் ஏசுவாரு டீச்சர்."

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். இது வேறு கம்பம், இதில் கொடி ஏறாது என்று எடுத்துச் சொன்னார். எங்களுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் ஐந்து வருஷம் நெஞ்சோடு ஒட்டியிருந்த கை, போ என்றால் போகுமா? ஒருத்தி துணிந்து பிடித்துப் பார்த்து, பிடித்த வேகத்தில் நிலை தடுமாறிக் கீழே விழுந்தாள். டீச்சர் பெருமூச்சு விட்டு, நீங்கள் ஓடுகிறபடியே ஓடுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் முகத்தில் வாய்ப்பாடு தெரிந்தது.

அப்போதுதான் பேச்சி என்னை இழுத்து, மறு கோடிக் கம்பத்தில் சுழன்று பழகிக்கொண்டிருந்த எதிர்க்கட்சிக்காரிகளைக் காட்டினாள். "ஏட்டி, அவளுவ கையப் பாரு. எந்தக் கையால கம்பத்தப் பிடிக்காளோ அந்தப் பக்கம்தான் திரும்புதா."

நான் பார்த்தேன். உண்மைதான். வலது கையால் பிடித்தவள் வலது பக்கம் சுழன்றாள், இடது கையால் பிடித்தவள் இடது பக்கம். கம்பத்தைப் பிடித்தே வளர்ந்தவர்களுக்கு அது கண்ணில் பட்டிருக்காது; அடுத்தவர் வீட்டுப் பலகாரத்தைப் பார்ப்பதுபோல அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குப் பட்டது. ஒன்பது பேரும் தலையைச் சேர்த்து வைத்துக் குசுகுசுவென்று பேசினோம். அடுத்து நாங்கள் விரட்டியபோது, கம்பத்தடியில் அவர்கள் பின்னால் ஓடுவதை நிறுத்தினோம். கை கம்பத்தில் பட்ட உடனே, அவள் எந்தப் பக்கம் வரப்போகிறாளோ அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவளுக்குக் கோ கொடுத்தோம். சுழன்று வந்தவள் நேராக அவள் கையிலேயே வந்து விழுந்தாள். இரண்டு பேர் அப்படிப் போனதும் மற்றவர்களுக்குக் கம்பத்தைப் பிடிக்கவே பயம் வந்துவிட்டது; பிடிக்காமல் திரும்பவோ அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். வேப்பம்பழத்தில் வழுக்கி வழுக்கிப் பழகிய கால்களுக்கு அந்த மைதானம் சிமெண்டுத் தரை மாதிரி இருந்தது.

ஒரே ஒரு ஆள் வித்தியாசத்தில் ஜெயித்தோம். ஜெபா டீச்சர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே அழுததால் அது விட்டுவிட்டு ஊதியது. அடுத்த ஆட்டத்தில் குருவிகுளத்துப் பிள்ளைகள் எங்களைப் புரட்டி எடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; அவர்கள் நிஜமாகவே கெட்டிக்காரிகள். அதனாலென்ன, பெரிய சார் கேட்டது ஒரு ஜெயிப்பு. பஸ் முழுக்கப் பாடிக்கொண்டே ஊர் திரும்பினோம்.

மறுநாள் அசெம்பிளியில் பெரிய சார் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்கு அது பெரிய குறை. சாயங்காலம் டிரில் பீரியடுக்கு மணி அடித்தது. அன்றைக்குப் பார்த்து எங்கள் கட்சியில் ஒருத்தி அம்மை போட்டு வரவில்லை. வரிசையில் ஓர் இடம் காலி. அப்போது வராந்தாவிலிருந்து பெரிய சார் இறங்கி வந்தார். வாக்கு மாறிவிட்டார், வாய்ப்பாடுதான் என்று நினைத்து எல்லாரும் உறைந்து நின்றோம். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலியாக இருந்த இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

ஜெபா டீச்சர் விசில் ஊதினார். ஆட்டம் நடந்தது. ஆனால் பெரிய சார் முதுகில் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? பேச்சி தாண்டிப் போனாள், அடுத்தவள் தாண்டிப் போனாள், எல்லாரும் அவருக்கு முன்னால் இருப்பவளுக்கோ பின்னால் இருப்பவளுக்கோ கோ கொடுத்தார்கள். அவர் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏட்டி, என்னையத் தாண்டித் தாண்டிப் போறிய. எனக்கு எப்பம்தான் கோ குடுப்பிய? காலு மரத்துப் போச்சு."

அப்போது விரட்டிக்கொண்டிருந்தது நான். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, அந்த வெள்ளைச் சட்டை முதுகில் பளாரென்று ஒன்று வைத்து, பள்ளிக்கூடமே கேட்கும்படி "கோ" என்று கத்தினேன். அவர் எழுந்து ஓடினார். நெடுநெடுவென்ற அந்த ஆள் ஓடிய ஓட்டத்தில் கொடிக்கம்பம் வந்துவிட்டது, திரும்ப வேண்டும், திரும்ப வரவில்லை. எட்டிக் கம்பத்தைப் பிடித்துவிட்டார். மொத்தப் பள்ளிக்கூடமும் மூச்சை நிறுத்தியது. அவர் தன் கையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு சிரித்தார். பெரிய சாருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கள் பள்ளியின் வரலாற்றில் தலைமையாசிரியர் முதுகில் அடித்த முதல் ஆள் நான்தான். இப்போது அலுவலகத்தில் எத்தனை பாராட்டு வாங்கினாலும் அந்தப் பெருமைக்குப் பக்கத்தில் வராது.

போன வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து பார்த்தேன். வேப்பமரம் இல்லை. மைதானம் முழுக்கப் பேவர் பிளாக் கல் பதித்து, காலில் எதுவும் ஒட்டாதபடி சுத்தமாக இருந்தது. ஜெபா டீச்சர் மகளோடு வெளியூர் போய்விட்டார், பேச்சி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறாள், பெரிய சார் காலமாகி வெகுநாளாயிற்று. பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள், முன்பு ஒரு வகுப்பில் இருந்த கூட்டம் இப்போது மொத்தப் பள்ளிக்கும் இல்லை. என் மகன் படிக்கிற பள்ளியில் விளையாட்டுக்கென்று தனிக் கட்டடமே இருக்கிறது, ஆனால் பரீட்சை நெருங்கினால் அதைப் பூட்டிவிடுகிறார்கள்.

இங்கே டிரில் பீரியடு இன்னும் உண்டா என்று அங்கிருந்த இளவயது டீச்சரிடம் கேட்டேன். உண்டு என்றார். ஒன்பது பேர் சேர்க்கவே மூன்று வகுப்பைக் கூட்ட வேண்டியிருக்கிறது, அப்படியும் சில நாள் ஒரு ஆள் குறையும் என்றார்.

"குறைஞ்சா ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து வரிசையில உக்காருவாங்கக்கா, இல்லன்னா சமையல் அக்கா உக்காருவாங்க. இது இந்தப் பள்ளிக்கூடத்துப் பழக்கம். நான் வேலைக்கு வரும்போதே இருந்துச்சு, யாரு ஆரம்பிச்சு வச்சாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல."

எனக்குத் தெரியும் என்றேன். பெரிய சாரின் பெயரை, சு. வேலாயுதம் என்று இனிஷியலோடு சேர்த்துச் சொன்னேன். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் அந்த டீச்சருக்குச் சரியாகக் கேட்டதோ இல்லையோ என்று, இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.