கால் பார்த்துக் கட்டிய பாட்டு

என் லாத்தாவைப் பெண் பார்க்க ராமநாதபுரத்திலிருந்து ஆறு பெண்கள் வந்த நாளில், எங்கள் வீட்டில் இரண்டு உயிர்களை ஒளித்துவைத்தார்கள். ஒன்று, யாரைக் கண்டாலும் முட்டவரும் எங்கள் கிடாய். இன்னொன்று என் சாச்சி. அக்காவை லாத்தா என்பதும் உம்மாவின் தங்கையைச் சாச்சி என்பதும் எங்கள் கடற்கரை முஸ்லிம் வீடுகளின் வழக்கம்.

மூன்று வயதில் வந்த காய்ச்சல் சாச்சியின் இரண்டு கால்களையும் சுருட்டிவிட்டுப் போயிருந்தது. உள்ளங்கைகளை ஊன்றித்தான் வீடு முழுக்க நகர்ந்துவருவாள். லாத்தா பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளோடு சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவள். குழம்பு அடிப்பிடித்தால் ஒரு பாட்டு, கோழி அடையில் உட்கார்ந்தால் ஒரு பாட்டு, வாப்பாவின் குறட்டைக்கு மட்டும் மூன்று பாட்டு. எல்லாம் என் நோட்டிலிருந்து கிழித்த தாள்களில் பென்சிலால் எழுதியவை.

உம்மா கெட்டவள் அல்ல. வீட்டில் இப்படி ஒருத்தி இருப்பது தெரிந்தால், நாளைக்குப் பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் வருமோ என்று நினைப்பார்களே என்ற பயம். முன்பு ஒரு சம்பந்தம் அப்படித்தான் வந்த வேகத்தில் எழுந்துபோனது. அதனால் காலையிலேயே சாச்சியை உள்ளறையில் கொண்டுபோய் உட்காரவைத்து, “ஒரு மணி நேரந்தான். சத்தம் காட்டாம இரு” என்றாள்.

“கிடாய்கிட்டயும் இதத்தான் சொன்னியா லாத்தா?” என்றாள் சாச்சி.

உம்மா புழுக்கத்துக்காகக் கதவை ஒரு சாண் திறந்துவைத்து, திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

மணல் தெருவுக்குள் வண்டி வராது. தெருமுனையில் இறங்கி நடந்துவந்த பெண்கள் கூடத்துப் பாயில் உட்கார்ந்தார்கள். எல்லோரும் லாத்தாவையே பார்த்தார்கள். புதுப் பாவாடை கட்டியிருந்த என்னை ஒருவரும் பார்க்கவில்லை. கோபத்தில் உள்ளறைக்குள் போனேன். சாச்சி கன்னத்தை வாசற்படிமேல் சாய்த்து, திரைக்கடியில் எட்டிப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். தாளை என்னிடம் நீட்டி, “பிழை இருந்தாச் சொல்லு” என்றாள்.

அதற்குள் கூடத்திலிருந்து மாப்பிள்ளையின் தாயார், “அந்தச் சின்னப் புள்ள எங்க போச்சு?” என்று கேட்டார். தாளோடு ஓடினேன்.

“என்ன படிக்கிற?”

“நாலாங் கிளாஸ்.”

“அப்பக் கையில இருக்கறத வாசி, கேப்போம்.”

வாசிப்பதில் எனக்கு மிஞ்சி யாரும் கிடையாது என்ற நினைப்பு. கையைக் கட்டி நிற்க முடியாததால் தாளை உயர்த்திப் பிடித்து, பள்ளிக்கூடமே அதிரும் குரலில் வாசித்தேன்.

ஊரெல்லாம் முகம்பார்த்தே ஆளறியும்
உட்கார்ந்த நானறிவேன் கால்பார்த்து
வெடிப்புள்ள குதிகால்கள் வீடு தாங்கும்
வெள்ளிக் கொலுசெல்லாம் வீண்பேச்சு பேசும்
எத்தனையோ கால்வந்து போகு தம்மா
என்காலைச் சுகங்கேட்க யாரு மில்லை
கேட்டாக்காச் சொல்லும்அது ‘குறையொண் ணில்லை
தேயாத செருப்பாட்டம் புதுசா இருக்கேன்!’

கொலுசு போட்டிருந்த இரண்டு பெண்கள் கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் தாயார் தன் குதிகால் வெடிப்பைத் திருப்பிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். உம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“யாரு புள்ள எழுதுனது?”

உம்மா கண்ணாலேயே என்னை எரித்தாள். நன்றாக வாசித்ததற்கு ஏன் முறைக்கிறாள் என்று புரியாமல், “எங்க சாச்சி. உள்ள இருக்காங்க” என்றேன்.

அந்த அம்மா எழுந்துபோய்த் திரையை விலக்கினார். “இப்புடி வெளிய வா. பாட்டுக்காரி முகத்த நான் பாக்கணும்.”

அந்த அறையின் மர வாசற்படி ஒரு முழ உயரம். சாச்சி தானாக அதைத் தாண்டியதில்லை. யாராவது தூக்கித்தான் விடவேண்டும். அன்று அவள் கைகளை ஊன்றி எம்பினாள். சேலை மாட்டிக்கொண்டது. மறுபடி எம்பினாள். கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. உம்மா நின்ற இடத்தில் நின்றாள். மாப்பிள்ளையின் தாயார்தான் குனிந்து, அக்குளில் கைகொடுத்து இந்தப் பக்கம் கொண்டுவந்தார்.

மூச்சு வாங்கியபடி சாச்சி சொன்னாள்: “வேப்பெண்ணெயில மஞ்சளக் கொழைச்சுப் போடுங்க மாமி. ஒரு வாரத்துல வெடிப்பு மூடிரும்.”

மறுபடி ஒரே சிரிப்பு. தட்டிலிருந்த தொதல் அல்வா முழுவதும் காலியாயிற்று. புறப்படும்போது அந்த அம்மா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “பொண்ணப் புடிச்சிருக்கு” என்றார். பிறகு சாச்சியிடம், “கல்யாணத்துக்கு ஒரு பாட்டு வேணும். நீயேதான் முன்னால உக்காந்து படிக்கணும்” என்றார்.

எனக்கு அடி நிச்சயம் என்று கிடாய்க்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொண்டேன். உம்மா என்னைத் தேடவே இல்லை. அந்தியில் நானாகவே வந்து பார்த்தபோது சாச்சிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“எல்லாரு காலையும் எழுதுனியே, என் காலை ஏன் எழுதல?”

“ஒங் காலும் திரைகிட்ட வந்து நின்னுச்சு லாத்தா. ஆனா என்ன நெனச்சு நின்னுச்சுன்னுதான் தெரியல.”

உம்மாவின் சீப்பு நின்றது.

மறுநாள் காலையில் ஆசாரி ரம்பத்தோடு வந்து, அந்த வாசற்படியைத் தரைமட்டத்துக்கு அறுத்தெடுத்தார். எதற்கு என்று உம்மாவிடம் கேட்டேன். “கறையான்” என்றாள்.

அறுத்த கட்டைகளைக் கொல்லையில் போட்டு, கல்லால் உடைத்து, மத்தியானம் வரைக்கும் தேடினேன். வைரம் பாய்ந்த மரம். பிறகு வாப்பாவிடம் போய், “ஆசாரி நம்மள நல்லா ஏமாத்திட்டாரு வாப்பா. ஒரு கறையான்கூட இல்ல” என்று புகார் சொன்னேன்.