கிளட்ச் ஒயில் பற்றிய ஒரு வரி

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, தெல்தெனிய நகரத்துக்கு மேலே உள்ள எங்கள் மலைப்பாதையில் என் பழைய ஜீப் நின்றுவிட்டது. கிளட்ச் பெடல் தரையோடு போனது, திரும்ப மேலே வரவில்லை. கியர் விழவில்லை.

பக்கத்தில் அடுத்த வீட்டு அக்கா. இரண்டு கண்களிலும் புரை. எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த சத்திரசிகிச்சை நாள் அது. ஒன்பதரைக்குள் கண்டி ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். தவறினால் மறுபடியும் வரிசையின் கடைசி. மண்சரிவுக்குப் பிறகு அந்தப் பாதையில் பஸ்ஸும் ஆட்டோவும் வருவதில்லை.

கால் மணி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஒரு முஸ்லிம் சகோதரர் வந்தார். குழாய் பொருத்தும் வேலை செய்பவர். அக்காவை ஏற்றிப்போக முடியுமா என்று கேட்டேன்.

"ஐயோ, கண்ணு தெரியாம இந்தக் கல்லுல பைக்கா? வேணாங்க" என்றார் அக்கா.

வந்தவர் சிரித்துவிட்டு ஜீப்புக்கு அடியில் புகுந்தார். கிளட்சைத் தள்ளும் சிறிய சிலிண்டரைக் கழற்றி, உள்ளேயிருந்த ரப்பரை என் கையில் வைத்தார்.

"ஊதிப் போய்க் கிழிஞ்சீக்குது. யாரு இதுக்குப் பிழையான ஒயில் ஊத்தின?"

"போன மாசம் சர்வீஸ் பண்ணின மெக்கானிக்தான்" என்றேன், தயங்காமல். ஜீப்புக்குச் செய்வதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைப்பவன் நான். நிரூபிப்பதற்காக அதைத் திறந்தேன். என் கையெழுத்தில் இருந்தது: 'கிளட்ச் ஒயில் குறைவு. வீட்டில் மீதமிருந்த பவர் ஸ்டியரிங் ஒயிலை ஊற்றினேன்.'

"என்ன தம்பி எழுதியிருக்கு?" என்றார் அக்கா.

"மழையில நனைஞ்சு எழுத்து தெளிவா இல்லக்கா."

"அந்த மெக்கானிக்க சும்மா விடாதீங்க!"

முன்பொரு முறை கழற்றிய பழைய ரப்பர், திகதி எழுதி ஜீப்பில் வைத்திருந்த தகர டப்பாவில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன்.

"பழச யாராச்சும் லேபல் ஒட்டி வெப்பாங்களா?" என்று அவர் கேலி செய்தார். ரப்பர் தேய்ந்து தளர்ந்திருந்தது. குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பை அதன் அடியில் சுற்றி இறுக்கமாக்கினார். தெல்தெனியவுக்குப் போய், கிளட்சுக்கும் ஊற்ற வேண்டிய பிரேக் ஒயில் வாங்கி வந்து, பழைய ஒயிலை முழுவதும் கழுவி வெளியேற்றினார். இனி உள்ளேயிருக்கும் காற்றை எடுக்க வேண்டும். அவர் கீழே காற்று வெளியேறும் ஆணியைத் திறந்து மூட, நான் மேலே ஒயில் ஊற்ற, பெடலை மிதிக்க ஆள் இல்லை.

அக்கா சாரதி ஆசனத்துக்கு நகர்ந்தார். "கண்ணுக்குத்தானே ஆப்பரேஷன், காலுக்கு இல்லையே."

"அமுக்குங்க அக்கா... புடிங்க... விடுங்க!"

பதினேழாவது மிதிப்பில் பெடல் இறுகியது.

"இன்ஷா அல்லாஹ், கண்டிக்குப் போய்ச் சேந்துரும். பொறகு புது ரப்பர் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குப் போனார்.

ஒன்பது இருபதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம்.

பத்து நாள் கழித்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். சத்திரசிகிச்சை செய்த ஒரு கண்ணின் கட்டை அவிழ்த்திருந்தார்கள். "அந்தக் கொப்பியக் கொடுங்க தம்பி. அன்னைக்கு உங்க குரல் ஒரு மாதிரி இருந்திச்சு." பக்கத்தைத் தேடிப் பிடித்து, விரல் வைத்து, அந்த வரியைச் சத்தமாக வாசித்தார்.

"எழுத்து முத்து முத்தா இருக்கே!" என்று சொல்லி, கண்ணில் கைபடாமல் வெகுநேரம் சிரித்தார்.

மறுநாள் காலை மெக்கானிக்கிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இப்போதும் தினமும் எழுதுகிறேன். ஆனால் எழுதியதை எனக்கு எதிராகவும் உரக்க வாசிக்கும் துணிவு வேண்டும் என்பதை, அன்று புதிதாய்த் திறந்த அந்த ஒரு கண்தான் எனக்குக் காட்டித் தந்தது.